முதலில் நிற்க வேண்டும்

எங்கள் முத்தியால்பேட்டை வீட்டுக்குப் பின்னால் ஓடு வேய்ந்த கொட்டகை ஒன்று இருக்கிறது. பதினான்கு வருடமாக அந்தக் கதவை நான் திறந்ததெல்லாம் தேங்காய் போடவும், உடைந்த நாற்காலி போடவும்தான். உள்ளே தார்ப்பாய்க்கு அடியில் ஒரு கார் இருந்தது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

கார் அண்ணனுடையது. 1988-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி. பம்பாய் குர்லாவில் செய்தது. இத்தாலிய ஃபியட்டின் அச்சு என்பதால் ஊரெல்லாம் அதை 'ஃபியட்' என்றுதான் சொல்லும். 1089 சி.சி. எஞ்சின், கியர் ஸ்டியரிங்கின் கழுத்தில். இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்கு அந்தக் கியரைக் காட்டினால் வைப்பர் சுவிட்சா என்று கேட்கிறார்கள்.

அண்ணன் ஒரு சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு இராணுவத்தில் சேர்ந்து பென்ஷன் வாங்குகிறவர். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் தவணை தந்தார்கள். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. பதினெட்டு வயது தாண்டியிருந்த அண்ணன் எழுதிக் கொடுத்தார். எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா வழியில் நான் இந்தியன் ஆனேன். ஒரே வீட்டில் இரண்டு தேசம். எங்கள் தெருவில் இது ஒன்றும் அதிசயமில்லை.

இராணுவத்தில் அண்ணன் வண்டிப் பிரிவில் இருந்தவர். லாரி எஞ்சினைப் பிரித்துக் கோத்தவர். ஓய்வுக்குப் பிறகு பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு வேலை, அங்கேயே குடும்பம். வருடா வருடம் டிசம்பரில் வருவார், பிப்ரவரியில் போவார். இங்கே இருக்கும்போது ஓட்டத்தான் அந்தக் காரை வாங்கினார். எனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தவரும் அவர்தான். முதல் மூன்று நாள் கியரைத் தொடவிடவில்லை. காரை அவர் தள்ளுவார், நான் பிரேக்கை மிதித்து நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் பாடம். எனக்குச் சலித்துப்போயிற்று. வாயைத் திறக்கவில்லை. அண்ணனிடம் எதிர்த்துப் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

ஊருக்குப் போகும்போது சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். "பதினைந்து நாளுக்கொரு தடவை ஓட்டு, பேட்டரி சாகாம இருக்கும்" என்பார். அலுவலகத்தில் நான் ஒரு சாதாரண எழுத்தர். சொந்தமாகக் கார் வாங்குவது கனவிலும் இல்லை. வருடத்தில் ஒன்பது மாதம் அந்தச் சாவி என் மேசை இழுப்பறையில் கிடக்கும். அது எனக்குப் பெரிய கௌரவம்.

2010 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை, என் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அப்பா அம்மா ரயிலில் விழுப்புரம் வந்து இறங்குகிறார்கள். அங்கிருந்து நம் காரில், நானே ஓட்டி அழைத்துவர வேண்டும் என்று எனக்கு ஆசை. வெள்ளிக்கிழமை காலை அண்ணனிடம் சாவி கேட்டேன்.

"வேணாம் தம்பி. டாக்சி பேசித் தரேன்" என்றார்.

"நான் மெதுவாத்தான் ஓட்டுவேன் அண்ணே."

"வேணாம்னா வேணாம்."

காரணம் சொல்லவில்லை. மாலையில் டாக்சிக்காரர் வந்து நின்றார், வாடகை முன்பே கொடுத்தாயிற்று என்றார். நான் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, அலுவலக நண்பரின் காரை இரவல் வாங்கிக்கொண்டு விழுப்புரம் போனேன். நிச்சயதார்த்தத்தில் அண்ணன் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கம் போகவில்லை.

அடுத்த இரண்டு நாளும் கொட்டகையில் ஏதோ தட்டிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் பயணம். அந்த வருடம் காரின் மேல் தார்ப்பாய் கட்டியிருந்தது. "வண்டிய யாரும் எடுக்க வேணாம்" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு, சாவியைக் கையோடு கொண்டுபோய்விட்டார். எப்போதும் மீனம்பாக்கம் வரை போய் வழியனுப்புகிற நான், அந்த முறை தெருவாசலோடு நின்றுகொண்டேன்.

அடுத்த டிசம்பரில் அவர் வரவில்லை. இருதய நோய், மருத்துவர் பயணம் கூடாது என்கிறார் என்று தொலைபேசியில் சொன்னார். பிறகு பொங்கலுக்கு ஒன்று, பிறந்தநாளுக்கு ஒன்று என்று பேச்சு. சௌக்கியமா, சௌக்கியம். காரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. 2014-இல் காலமானார். விசா எடுக்க நேரமில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். என்னிடமும் அதையே சொல்லிக்கொண்டேன்.

2024 ஜனவரியில் அண்ணன் மகன் வந்தான். அவனுக்குத் தமிழில் நன்றாக வருவது 'சித்தப்பா' என்ற ஒரு சொல்தான். மற்றதெல்லாம் பிரெஞ்சு. அப்பாவின் அலமாரியை ஒழித்தபோது கிடைத்தது என்று ஒரு சாவியை என் கையில் வைத்தான். பழைய தோல் வளையத்தோடு அதே சாவி.

காயலான் கடைக்காரரை வரவழைத்தோம். சுற்றி வந்து பார்த்தார். இரும்பு விலைக்குப் பதினைந்தாயிரம் என்றார். மகன் என்னைப் பார்த்தான். "நீங்களே முடிவு செய்யுங்கள் சித்தப்பா. ஆனால் ஒன்று கேட்கலாமா, அப்பா ஏன் சாவியை உங்களிடம் கொடுக்காமல் வந்தார்?"

"அவர் குணம் அப்படி" என்றேன்.

காயலான் கடைக்காரரை ஏன் அனுப்பிவிட்டேன் என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அண்ணன் ஓட்ட வேண்டாம் என்ற காரை ஓட்டிக் காட்ட வேண்டும் என்ற வீம்பும் கொஞ்சம் இருந்திருக்கும். எழுபத்து மூன்று வயதில் வீம்பு.

நெல்லித்தோப்புப் பக்கம் ஒரு மெக்கானிக் பாய் இருக்கிறார். அறுபத்தைந்து வயது. ஃபியட், அம்பாசிடர் என்றால் கண் மூடிக்கொண்டு பிரிப்பார். கம்ப்யூட்டர் மாட்டிய கார் என்றால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார். தார்ப்பாயை விலக்கியதும் அவர் குனிந்து முதலில் பார்த்தது சக்கரத்தை.

"சார், யார் இந்த வண்டிய நிறுத்தினது?"

"ஏன்?"

"தெரிஞ்ச ஆள் நிறுத்தியிருக்காரு."

அப்போதுதான் நானும் பார்த்தேன். கார் தரையில் நிற்கவில்லை. நான்கு பக்கமும் மரக்கட்டை கொடுத்து, சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி வைத்திருந்தது. பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்திருந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் வடித்திருந்தது. கை பிரேக் விடுவித்திருந்தது. போட்டபடி விட்டிருந்தால் உள்ளே கட்டை டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்றார் பாய். சைலன்சர் குழாயின் வாயில் எண்ணெய்த் துணி அடைத்திருந்தது, எலி புகாமல் இருக்க.

எலி வேறு வழியாகப் புகுந்திருந்தது. பின் சீட்டுக்கு அடியில் தென்னை நாரும் பிரெஞ்சுப் பத்திரிகைத் துண்டுகளுமாகக் குடித்தனம் நடத்தியிருந்தது. ஒயரிங் பாதி அதன் வயிற்றில்.

நான் சாவியைக் காட்டி, "பேட்டரி ஒண்ணு புதுசா வாங்கி வைத்து, ஒருமுறை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். எல்லோரும் இப்படித்தான் கேட்போம் போலிருக்கிறது. பாய் சிரித்தார்.

"ஓடுறது பெரிய விஷயம் இல்ல சார். முதல்ல நிக்கணும். நிக்கத் தெரிஞ்ச வண்டிதான் ஓடலாம். பிரேக்க முடிச்சிட்டுத்தான் எஞ்சின் பக்கம் போவேன்."

பல வருடம் நின்ற கார் உங்கள் வீட்டிலும் இருக்கலாம் என்பதால், பாயிடம் நான் கற்றதைச் சொல்கிறேன். பேட்டரி மாட்டி உடனே சாவியைத் திருப்பாதீர்கள். சிலிண்டருக்குள் இருந்த எண்ணெய்ப் படலம் காய்ந்துபோய், பிஸ்டன் வளையங்கள் சுவரோடு பிடித்திருக்கும். அந்த நிலையில் ஸ்டார்ட்டர் இழுத்தால் கீறல் விழும், வளையம் உடையும். பாய் நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து கொஞ்சம் ஊற்றி, துணியால் மூடி, "இது ஊறட்டும், நாம பிரேக்க பார்ப்போம்" என்று விட்டுவிட்டார்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. வருடக்கணக்கில் நின்றால் அந்த ஈரம் உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். நான்கு டிரம்மையும் கழற்றியபோது வீல் சிலிண்டர்கள் எல்லாமே இறுகிப்போயிருந்தன. இது எதிர்பார்த்ததுதான். ஆனால் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றியதும் பாய் அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பெடலை மிதித்தால் ஆயிலை நான்கு சக்கரத்துக்கும் தள்ளுகிற உறுப்பு அது.

"சார், மத்ததெல்லாம் நின்னதால கெட்டது. இது அப்படி இல்ல. உள்ள கோடு கோடா தேய்ஞ்சிருக்கு. ஓடும்போதே போனது. இந்த வண்டி கடைசியா எப்படி நின்னுச்சு? எதாவது எழுதி வச்சிருக்கா?"

எழுதி வைத்திருந்தது. டேஷ்போர்டு பெட்டியில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு இருந்ததை முதல் நாளே பார்த்தேன். அண்ணன் கையெழுத்து. 1988-லிருந்து ஒவ்வொரு ஆயில் மாற்றமும், கிலோமீட்டரும், செலவும் தேதி போட்டு பிரெஞ்சில். மகன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தான். நான் வாங்கி அலமாரியில் வைத்தேன், படிக்கவில்லை. அவன் ஊருக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

அன்று இரவு எடுத்துப் படித்தேன். பள்ளியில் எல்லாப் பாடத்தையும் பிரெஞ்சில் படித்தவன்தான் நான். ஆனால் மெக்கானிக் பிரெஞ்சு எனக்குப் புதிது. ஆயில் மாற்றுவதற்கு 'விதான்ழ்' என்பதும், பிரேக்குக்கு 'ஃப்ரேன்' என்பதும் தெரியும். 'மேத்ர் சிலேந்த்ர்' என்பதைப் படித்தபோதுதான் அது மாஸ்டர் சிலிண்டர் என்று புரிந்தது.

கடைசிப் பதிவுகளுக்கு முந்தையது 2010 ஜனவரி 27, புதன்கிழமை. அதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன். காலாப்பட்டிலிருந்து திரும்பும்போது பிள்ளைச்சாவடி அருகே சைக்கிளில் ஒரு பையன் குறுக்கே வந்தான். பெடல் தரை வரை போய்விட்டது. கை பிரேக்கை இழுத்து, கியரைக் குறைத்து, மணலில் இறக்கி நிறுத்தினேன். பையனுக்கு ஒன்றுமில்லை. இரண்டு மூன்று முறை மிதித்தால் பெடல் மேலே வருகிறது, பிறகு மறுபடியும் போகிறது. மாஸ்டர் சிலிண்டர் முடிந்தது. மெட்ராஸ் போய் வாங்க வேண்டும், பயணத்துக்கு முன் நேரமில்லை. வண்டி வெளியே போகக் கூடாது.

அதற்குக் கீழே 29-ஆம் தேதி. நான் சாவி கேட்ட வெள்ளிக்கிழமை. இரண்டே வரி.

தம்பி நிச்சயதார்த்தத்துக்கு வண்டி கேட்டான். பிரேக் இல்லை என்று சொன்னால் 'நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன்' என்று எடுத்துப் போய்விடுவான். சொல்லவில்லை.

நோட்டை மூடிவிட்டேன். என் மனைவி வந்து, "என்னங்க, மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டாள். போட்டேன் என்று பொய் சொன்னேன்.

'மெதுவாத்தான் ஓட்டுவேன்.' பிரேக்கைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் அவரிடம் நான் சொன்ன வார்த்தையும் அதுதானே. காரணம் சொல்லியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். தெருமுனை மெக்கானிக்கிடம் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றச் சொல்லி, சனிக்கிழமை இரவுக்குள் 'சரிபண்ணி', ஞாயிறு காலை விழுப்புரம் சாலையில் சம்பந்திகளை ஏற்றிக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் வந்திருப்பேன். என்னை நான் அறிவேன். அண்ணன் என்னைவிட நன்றாக அறிந்திருந்தார்.

இப்படி எழுதுவதால் அவர் செய்தது முழுக்கச் சரி என்று சொல்லவில்லை. நிச்சயதார்த்தம் முடிந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவரும் எங்கள் அப்பாவின் பிள்ளைதானே, உத்தரவு போடத் தெரியும், விளக்கம் சொல்ல வராது. ஆனால் கேட்க வேண்டியவன் நான். நான்கு வருடம் அவர் உயிரோடு இருந்தார். 'ஏன் அண்ணே?' என்று கேட்க ஐந்து விநாடி போதும்.

மறுநாள் காலை பாயிடம் போய், "எல்லாத்தையும் புதுசா போட்டுடுங்க, மிச்சம் பிடிக்க வேணாம்" என்றேன்.

சாமான் தேடிச் சென்னைக்குப் பேருந்தில் போனோம், பாயும் நானும். இந்த வண்டியின் உற்பத்தி நின்று இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இருந்தாலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கேட்டுக் கேட்டு நடந்தால் பழைய ஃபியட் சாமான் வைத்திருப்பவர் ஒருவராவது கிடைக்கிறார். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், பிரேக் ஹோஸ்கள், பெட்ரோல் பம்பின் டயாபிரம், பாயின்ட், கண்டென்சர். கிடைக்காத ஒரு கதவுக் கைப்பிடியும் பின் விளக்குக் கண்ணாடியும் புதுப்பேட்டைப் பழைய சாமான் குவியலில் அகப்பட்டன. பேரம் பேசுவதில் பாயை மிஞ்ச முடியாது. பிரேக் சாமான் வாங்கும்போது மட்டும் அவர் பேரமே பேசவில்லை.

நான்காம் நாள், பாய் எஞ்சின் புல்லியின் நட்டில் ஸ்பேனரைப் போட்டு மெல்ல அழுத்தினார். அசையவில்லை. மறுபடி எண்ணெய் விட்டார். ஆறாம் நாள் கால் சுற்று நகர்ந்தது. பிறகு அரைச் சுற்று, முழுச் சுற்று. எதிர்பார்த்ததைவிட உள்ளே துரு குறைவு என்றார். காரணம் நோட்டில் இருந்தது. கடைசிப் பதிவில், 2010 பிப்ரவரி 2 என்று தேதி போட்டு, நிறுத்துவதற்கு முன் செய்தவற்றை வரிசையாக எழுதியிருந்தார் அண்ணன். அதில் ஐந்தாவது: ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கரண்டி எண்ணெய். அடுத்த டிசம்பரில் தானே வந்து எடுக்கப்போகிறோம் என்ற நினைப்பில் செய்தது, பதினான்கு வருடம் காத்தது.

பெட்ரோல் டேங்கில் மிச்சமிருந்தது பெட்ரோல் இல்லை, வார்னிஷ். நிறமும் வாசனையும் அப்படித்தான். டேங்கைக் கழற்றி, உள்ளே கூழாங்கல் போட்டுக் குலுக்கிக் குலுக்கித் துருவை எடுத்தான் பாயின் உதவிப் பையன். கார்புரேட்டரின் ஜெட்டுகளில் பிசின் மாதிரி அடைத்திருந்தது. அதைக் கம்பி விட்டுக் குத்தக் கூடாது, துளை பெரிதாகிவிடும். ஊற வைத்துக் காற்றடிக்க வேண்டும். பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்கள் அத்தனையும் மாற்றினோம். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், பழைய ரப்பருக்கு அது ஆகாது.

டயர்கள் பார்வைக்குப் புதிதுபோல இருந்தன. பாய் பக்கவாட்டில் நான்கு எண்களைக் காட்டினார்: 3207. 2007-ஆம் ஆண்டின் 32-ஆம் வாரத்தில் செய்தது என்று அர்த்தம். பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் கிழடாகிவிட்டது, பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள். நான்கும் ஸ்டெப்னியும் மாற்றியாயிற்று. உங்கள் கார் டயரிலும் அந்த நான்கு எண்களைப் பாருங்கள். ஓடாத காரின் டயருக்கும் வயது ஏறுகிறது.

கடல் காற்றின் கைவரிசை அடிப்பாகத்தில் தெரிந்தது. ஓட்டுநர் காலடித் தகட்டில் கை விட்டால் தரை தெரியும். டிங்கர் வந்து துருத் தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார். கிளட்ச் பிளேட் ஒட்டிக்கொண்டிருந்தது. பெடலைக் குச்சி வைத்து அழுத்தியே இரண்டு நாள் வைத்து, கியரில் போட்டு முன்னும் பின்னும் ஆட்டியதில் விட்டுக்கொடுத்தது. பெயிண்ட் அடிக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். பழைய வெள்ளை நிறம் மங்கியிருந்தாலும் அவர் துடைத்த நிறம்.

மே மாதம் ஒரு காலை. பாய் பெடலை மிதிக்கச் சொன்னார். கெட்டியாக, பாதியிலேயே நின்றது. "இப்ப சாவியத் திருப்புங்க" என்றார். மூன்று முறை இருமி, நான்காம் முறை பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுக்க நீலப் புகை, ஊற்றிய எண்ணெயெல்லாம் எரிகிறது. என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றாள். இதுவரை ஆன செலவில் எத்தனை பவுன் வாங்கியிருக்கலாம் என்று அதுவரை தினமும் கணக்குச் சொன்னவள், அன்று ஒன்றும் சொல்லவில்லை.

வண்டி ஓடினால் போதாது, காகிதமும் ஓட வேண்டும். முப்பத்தைந்து வருடம் கோப்பு தள்ளியவன் நான். இப்போது மேசைக்கு இந்தப் பக்கம். பதிவு அண்ணன் பெயரில், அதுவும் காலாவதி. முதலில் படிவம் 31, இறந்தவர் பெயரிலிருந்து வாரிசுக்கு. பிறகு படிவம் 29, 30, அண்ணன் மகனிடமிருந்து எனக்கு. பிறகு படிவம் 25, பதிவைப் புதுப்பிக்க. மரணச் சான்றிதழ் பிரெஞ்சில் இருந்தது. ஊரார் எத்தனையோ பேருக்குச் சான்றிதழ் படித்துச் சொன்னவன் நான். என் காரியத்துக்கு என் மொழிபெயர்ப்பு செல்லாது, அங்கீகாரம் பெற்றவர் முத்திரை வேண்டும். நியாயம்தான். இதே பதிலை நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

2024-இல் காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 5000 ரூபாயாக இருந்தது, தாமதத்துக்குத் தனி. அந்தத் தனிக் கணக்கை இங்கே எழுதினால் மனைவி படித்துவிடுவாள். இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாம் எடுத்துக்கொண்டு ஆய்வாளர் முன் காரை நிறுத்தினோம். சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக் கொடுக்க வேண்டும். துருவுக்கு அடியில் எண் புலப்படவில்லை. பாய் மண்ணெண்ணெய்த் துணியால் அரை மணி நேரம் தேய்த்தார். ஒவ்வொரு எண்ணாக வந்தது. ஹாரன், விளக்கு, இண்டிகேட்டர், வைப்பர் எல்லாம் பார்த்த ஆய்வாளர், கொஞ்சம் வேகமெடுத்து ஓட்டி ஒரே மிதியில் நிறுத்தச் சொன்னார். நின்றது. நேராக நின்றது. பாய் என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார்.

ஆகஸ்டில் ஆர்.சி. என் பெயரில் வந்தது. எழுபத்து நான்கு நடக்கும்போது ஒருவன் முதல் கார் வாங்கினான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பத்தைந்து தாண்டியவர்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். கார் இல்லாமலே நான் அதை விடாமல் புதுப்பித்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஏன் என்று என் மகள் கேட்பாள். அடையாளச் சான்றுக்கு என்பேன்.

ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தனியாக எடுத்தேன். மனைவியைக் கூப்பிட்டேன். "முதல்ல நீங்க போயிட்டு வாங்க" என்றாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டு வரை, மணிக்கு நாற்பதுக்கு மேல் போகவில்லை. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்துவிட்டு முந்திப் போனார்கள். பல்கலைக்கழக வாசலில் திருப்பிக்கொண்டு வந்தேன். பிள்ளைச்சாவடி அருகே, குறுக்கே யாரும் வரவில்லை. இருந்தும் ஓரம் கட்டி, பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு, பிரேக்கை மிதித்தேன். நின்றது. சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தச் சைக்கிள் பையனுக்கு இப்போது முப்பது வயதாவது ஆகியிருக்கும். அவனுக்குக் குழந்தைகள்கூட இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து அண்ணன் மகனை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். அங்கே விடியவில்லை, தூக்கக் குரலில் எடுத்தான். அவன் ஜனவரியில் கேட்ட கேள்விக்குத் தப்பான பதில் சொல்லிவிட்டேன் என்று சொல்லி, இரண்டு பதிவுகளையும் அவனுக்குப் பிரெஞ்சிலேயே வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, மருத்துவமனையில் இருந்தபோது அப்பா இரண்டு முறை "வண்டியைச் சரிசெய்ய வேண்டும்" என்று சொன்னதாகவும், மயக்கத்தில் பேசுகிறார் என்று தாங்கள் நினைத்ததாகவும் சொன்னான்.

நீல நோட்டில் இன்னும் முப்பது பக்கம் காலியாக இருக்கிறது. 2010 பிப்ரவரி 2-க்குக் கீழே ஒரு கோடு போட்டு, 2024 என்று எழுதி, மாற்றிய சாமான்களை வரிசையாக எழுதி வைத்தேன். பிரெஞ்சில்தான். முதல் வரி: மேத்ர் சிலேந்த்ர், புதியது.

சாவி மறுபடியும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பதினைந்து நாளுக்கொரு தடவை எடுத்து ஓட்டுகிறேன்.